ஆனைமலையில் அடையாள அணிவகுப்பு

வெள்ளி: ஆழியாறு, அட்டகட்டி

பொள்ளாச்சியில் இட்லி வருவதற்கு முன்பே மாப்பிள்ளை ஒரு சிறுத்தையைப் பார்த்துவிட்டார். ஓட்டலுக்குப் பின்னால் அடுப்புச் சாம்பலில் புரண்டு எழுந்த செவலை நாய் அது. என் தங்கை வீட்டுக்காரர் அப்படித்தான். எதைக் கண்டாலும் முதல் ஆளாகப் பெயர் சொல்லிவிடுவார், சரியா தப்பா என்று பார்ப்பது மற்றவர்கள் வேலை. தங்கை வரவில்லை. "இவர் சொல்ற கதையைக் கேட்கக் காட்டுக்கு வேற வரணுமா?" என்று ஒதுங்கிக்கொண்டாள். எங்களோடு வந்திருப்பது ஏழாம் வகுப்பு படிக்கும் மருமகள். கையில் பார்க்கிற பாலூட்டிகளை எழுதிவைக்கக் கோடு போட்ட நோட்டு, வாயில் ஒரு நிபந்தனை: "பேர் மட்டும் சொன்னா எழுத மாட்டேன் மாமா. ஏன் அதுதான்னு சொல்லணும்."

நியாயமான நிபந்தனை. காட்டு விலங்கு எதுவும் நின்று நிதானமாக முகம் காட்டுவதில்லை. இரண்டு விநாடி முதுகு தெரியும், அப்புறம் புதர்தான் ஆடும். நிறத்தையும் நம்ப முடியாது, வெயிலில் ஒன்றாகவும் நிழலில் வேறாகவும் தெரியும். அதனால் அவளுக்கு ஒரு வரிசை சொல்லிக்கொடுத்தேன். முதலில் வால், அடுத்து கால், இரண்டும் தப்பிவிட்டால் கீழே என்ன போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள்.

ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் குரங்கு அருவி. இங்கே அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை, அவர்களே வந்து அறிமுகம் செய்துகொள்வார்கள். மாப்பிள்ளை கையிலிருந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் அவர் மூச்சு விடுவதற்குள் பாறை மேல் இருந்தது. நாட்டுக்குரங்கு. உச்சந்தலை மயிர் நடு வகிடு எடுத்தாற்போல் பிரிந்து சுற்றிலும் சரிந்திருக்கும், வால் நீளம். வட இந்தியக் கோயில்களில் அட்டகாசம் செய்யும் ரீசஸ் குரங்குக்கு வால் பாதிதான் இருக்கும், தலையில் அந்த வகிடும் கிடையாது. நாட்டுக்குரங்கு தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை.

சிப்ஸ் எங்கே போனது என்றும் பார்த்தோம். வயிற்றுக்குப் போகவில்லை. கன்னத்தின் உட்பக்கம் இரண்டு பக்கமும் பை உண்டு, கிடைத்ததை அதில் அடைத்துக்கொண்டு முதலில் இடத்தைக் காலி செய்யும். மெல்லுவதெல்லாம் பாதுகாப்பான இடத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான். இந்தக் கன்னப் பையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாளை தேவைப்படும்.

வால்பாறைச் சாலையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அங்கே தடுப்புச் சுவரை ஒட்டி ஐந்தாறு ஆடுகள் நின்றன. "யாரோ மேய்க்க விட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார் மாப்பிள்ளை. மருமகள் நோட்டைத் திறக்காமலே, "தாடி இல்லையே அப்பா" என்றாள். கெட்டிக்காரி. வெள்ளாட்டுக் கிடாவுக்குத் தாடி தொங்கும், இவற்றுக்கு இல்லை. கொம்புகள் அடியில் நெருங்கி, பின்னோக்கி வளைந்து கிடந்தன. கூட்டத்தில் ஒன்று மட்டும் கரும்பழுப்பு நிறம், முதுகில் வெளிறிய திட்டு. முதிர்ந்த கிடா. வரையாடு! நம் மாநில விலங்கு சுவர் ஓரத்துப் புல்லைக் கடித்துக்கொண்டிருக்க, பத்துப் பேர் அதற்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வேடிக்கை. வரையாட்டை நெடுங்காலமாக இமயமலையில் இருக்கும் டார் ஆட்டின் தம்பி என்றுதான் வைத்திருந்தார்கள். 2005-இல் மரபணுவைப் பார்த்தபோது, இது வெள்ளாட்டு வகையறாவைவிடச் செம்மறிக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. உடனே தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். விஞ்ஞானிகளுக்கே இந்த நிலை என்றால் மாப்பிள்ளையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்தவை 1,303. ஒரு நல்ல முகூர்த்த நாளில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு வருபவர்கள் அதைவிட அதிகம்.

சனி: புதுத்தோட்டம்

இன்று முழுக்கக் கறுப்புக் குரங்குகளின் அணிவகுப்பு. வால்பாறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். இரண்டு கறுப்புக் குரங்குகள் உண்டு. இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் உரியவை. கிளைகளுக்கு நடுவே, எதிர்வெயிலில், பனிமூட்டத்தில் பார்த்தால் இரண்டுமே கறுப்பு உருண்டைகள்தான்.

காலை ஆறரைக்குத் தங்கிய வீட்டின் பின்சரிவிலிருந்து "ஹூம்... ஹூம்... ஹூம்" என்று பள்ளத்தாக்கே அதிரும் சத்தம். மாப்பிள்ளை போர்வைக்குள்ளிருந்தே "கரடி" என்றார். சாயா கொண்டுவந்த டிரைவர் அண்ணன் சிரித்தார். "கருமந்திங்க சார். ஆண் கத்துது. இது எங்க இடம், இந்தப் பக்கம் வராதேன்னு அடுத்த கூட்டத்துக்குச் சொல்லுது."

போய்ப் பார்த்தோம். உடல் கன்னங்கரேல், தலையும் பிடரியும் மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு. வால் உடம்பைவிட நீளமாகக் கிளைக்குக் கீழே நேராகத் தொங்கியது. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் இலையாகப் பறித்துத் தின்றது. கருமந்திக்குக் கன்னப் பை கிடையாது. அதற்குப் பதில் பல அறை கொண்ட வயிறு. மாட்டுக்கு இருப்பதுபோல உள்ளே நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்க வைத்துக் கரைக்கின்றன. தின்றதும் உட்கார்ந்து ஏப்பம் விடுவதே அதன் முக்கால்வாசி நாள் வேலை. மாப்பிள்ளைக்கு இந்த விலங்கின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

புதுத்தோட்டத்தில் இன்னொரு கறுப்பு. சாலைக்கு இரு பக்கமும் நூறு ஹெக்டேருக்கும் குறைவான காட்டுத்துண்டு, சுற்றிலும் தேயிலை. பலா மரத்தில் ஒரு கூட்டம். முகத்தைச் சுற்றி வெள்ளிநரை மயிர், ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. அது சோலைமந்தி, சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். பெயரில் சிங்கம் வரக் காரணம் பிடரி என்று நினைப்பீர்கள், வால் நுனியில் இருக்கும் குஞ்சம்தான் காரணம். வால் கருமந்தியுடையதில் பாதிகூட வராது. இதற்குக் கன்னப் பை உண்டு. நாட்டுக்குரங்குக்குப் பங்காளி, கருமந்திக்கு வெறும் நிறப் பொருத்தம்.

நடத்தையிலும் பிடித்துவிடலாம். கருமந்தி உட்கார்ந்து சாப்பிடும், சோலைமந்தி துழாவிக்கொண்டே இருக்கும். பட்டையை உரிக்கும், சுருண்டு காய்ந்த இலையைப் பிரித்து உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்க்கும், பழத்தை முகர்ந்து தூக்கிப் போடும். ஒரு பெண் மந்தி கம்பளிப்புழு ஒன்றைப் பிடித்து, அதை ஓர் இலையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மயிரை நீக்கிவிட்டு வாயில் போட்டதைப் பத்தடி தூரத்தில் பார்த்தோம். தின்ற பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது. மருமகள் அரைப் பக்கம் எழுதினாள்.

சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். வனத்துறையும், வால்பாறையில் பல காலமாக வேலை செய்யும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆட்களும் செய்த ஏற்பாடு. மேலே கிளை விட்டுப்போனால் மந்திகள் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கும், வண்டியில் அடிபடும். ஒரு குட்டி பாலத்தின் நடுவில் நின்று கீழே எங்களை வேடிக்கை பார்த்தது. தயவுசெய்து காரை நிறுத்தி முறுக்கு நீட்டாதீர்கள். கை நீட்டுகிறவனைப் பழக்கிக்கொண்ட மந்தி பாலத்தில் போகாது, சாலைக்கு வரும்.

மதியம் டிரைவர் அண்ணன் பழைய கதை ஒன்று சொன்னார். கருங்குரங்கு லேகியம் என்ற பெயரில் ஊர் ஊராக விற்ற காலம் ஒன்று இருந்ததல்லவா, ஆஸ்துமாவுக்கு நல்லது, உடம்புக்குத் தெம்பு என்று? அதற்காகச் சுட்டு வீழ்த்தப்பட்டது இந்தக் கருமந்திதான். இலையைத் தின்று ஏப்பம் விடுகிற பிராணியைத் தின்றால் தெம்பு வரும் என்று முதலில் யார் கிளப்பிவிட்டாரோ. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த வியாபாரம் மெல்ல மறைந்தது.

ஞாயிறு

மழை. கார்த்திகை மழை விடவே இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டைகளை உப்புப் போட்டு உதிர்த்தோம். அட்டை பாலூட்டி அல்ல என்பதால் நோட்டில் இடமில்லை.

இருந்தாலும் பட்டியல் வளர்ந்தது. சமையலறையில் எலி, ஓட்டுக்கு அடியில் வௌவால். மருமகளுக்கு இதில் திருப்தியில்லை, "எலியெல்லாம் கணக்கா மாமா?" என்றாள். கணக்கே அதுதான். உலகத்தில் பாலூட்டி இனங்கள் 6,500-க்கு மேல். அதில் ஏறத்தாழ 40 சதவீதம் எலி, அணில், முள்ளம்பன்றி போன்ற கொறிக்கும் பிராணிகள். ஐந்தில் ஒன்று வௌவால். யானை, புலி என்று நாம் காலண்டரில் மாட்டி வைப்பதெல்லாம் மீதமிருக்கும் சில்லறை. பாலூட்டிகள் ஒன்றுகூடித் தேர்தல் நடத்தினால் முதலமைச்சர் எலி, எதிர்க்கட்சித் தலைவர் வௌவால்.

வௌவாலிலும் இரண்டு வகையைச் சட்டென்று பிரிக்கலாம். பழம் தின்னும் பெரிய வௌவாலுக்குக் கண் பெரியது, முகம் நரிக்குட்டி முகம். கண்ணாலும் மூக்காலும்தான் இரை தேடும். எங்கள் ஓட்டுக்கு அடியில் இருப்பது சின்னது, கண் பொடிசு, காது பெரிது. கத்திக் கத்தி எதிரொலி கேட்டுப் பூச்சி பிடிக்கிற வகை. தலைகீழாகத் தூங்கினாலும் விழாது. உடல் கனத்திலேயே காலின் தசைநார் இறுகி விரல்களைப் பூட்டிவிடும். தொங்க அது முயற்சியே செய்வதில்லை, பறக்கத்தான் முயற்சி வேண்டும்.

திங்கள்: ஓடைக்கரை, தோட்டச் சாலை

மழைக்கு மறுநாள் ஈர மண், தடயம் பார்க்கத் தோதான நாள். டிரைவர் அண்ணனுக்குத் தெரிந்த தோட்டக் காவலர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, விடிந்த பிறகு சாலையோரமாக மட்டும் நடந்தோம். இங்கே தேயிலைக்குள் யார் படுத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

முதல் தடயம் ஓடையின் நடுப்பாறையில். கறுப்பாக, நொறுங்கலாக ஒரு குவியல். காவலர் குச்சியால் கிளறினார். முழுக்க நண்டு ஓடு. "ஆத்துநாய் போட்டது பாப்பா" என்றார். பெரிய நீர்நாய் மீன் பிரியன், அதன் எச்சத்தில் செதிலும் முள்ளும் இருக்கும். இப்படி நண்டு ஓடாகவே கிடந்தால் பெரும்பாலும் சிறுநகம் கொண்ட குட்டை நீர்நாய். உலகத்து நீர்நாய்களில் மிகச் சிறியது. அதன் நகம் விரல் நுனியைத் தாண்டாது. கல்லிடுக்கில் கையை விட்டுத் தடவித் தடவி நண்டு பிடிக்க நீள நகம் இடைஞ்சல்தானே! ஆளைப் பார்க்காமலே என்ன ஜாதி, ராத்திரி என்ன சாப்பாடு என்று சொல்லிவிட்டார். மருமகள் முகம் சுளிக்கவில்லை. குச்சியை வாங்கி அவளும் கிளறினாள்.

அடுத்தது காப்பித் தோட்ட ஓரத்தில் ஒரு கல் மேல். கோந்தில் ஒட்டியது மாதிரி காப்பிக்கொட்டைகள், ஒன்றும் உடையவில்லை. மரநாய். இந்த மலைத்தொடரில் மட்டும் வாழும் பழுப்பு மரநாய் பழத்தைத் தின்று கொட்டையை முழுசாக வெளியேற்றிவிடும், அது விழுந்த இடத்தில் செடி முளைக்கும். இந்தோனேசியாவில் இதன் உறவுக்காரன் போட்ட காப்பிக்கொட்டையைத்தான் கழுவி வறுத்து யானை விலைக்கு விற்கிறார்கள். இது தெரிந்ததும் மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார். காவலர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். கவர் திரும்பவும் பைக்குள் போய்விட்டது.

கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் கிடந்தது. முள்ளம்பன்றி அம்பு விடும் என்று நம்புகிறவர்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். அது முள்ளை எய்வதில்லை. முள் என்பது தடித்துப்போன மயிர்தான், நம் மயிர் மாதிரியே உதிரும், மறுபடி முளைக்கும். சண்டை வந்தால் முதலில் வாலில் இருக்கும் உள்ளீடற்ற முட்களைக் குலுக்கிக் கிலுகிலுப்பை ஆட்டும். எதிரி விலகாவிட்டால் திரும்பிக்கொண்டு பின்பக்கமாகவே ஓடி வந்து மோதும். ரிவர்ஸ் கியரில் தாக்குகிற பிராணி. சிறுத்தையே முகமெல்லாம் முள்ளோடு திரும்பிய கதைகள் உண்டு.

வளைவு திரும்பியதும் நேரில் ஒரு தரிசனம். தேயிலைக்கு மேலே கறுப்பு முதுகு. "காட்டெருமை!" என்று மாப்பிள்ளை கத்தினார். இந்த முறை ஊரே அவர் பக்கம், ஏனென்றால் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எருமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிஜமான காட்டெருமைக்கு அசாமுக்கோ சத்தீஸ்கருக்கோ போக வேண்டும். இது காட்டுமாடு, நம் வீட்டுப் பசுவுக்குப் பங்காளி. காலைப் பார்த்தால் போதும், நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ். முதுகில் தோளிலிருந்து பாதி தூரம் வரை ஒரு மேடு. போட்டுவிட்டுப் போனதும் அசல் பசுஞ்சாணி. பெரிய காளை ஒரு டன் எடை தொடும். காட்டில் வாழும் மாட்டினங்களில் இதைவிட உயரமானது இல்லை. அது தலையை நிமிர்த்தி மூக்கால் ஒரு சீறு சீறியது. நாங்கள் எவ்வளவு வேகமாகப் பின்வாங்கினோம் என்பதை மருமகள் எழுதாமல் விட்டது அவள் பெருந்தன்மை.

சாயங்காலம் டவுனுக்குப் போகும் வழியில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னியது. பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். 2011-இலிருந்து இங்கே யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாகவும் இந்த விளக்காகவும் அறிவிக்கிறார்கள். டிரைவர் அண்ணன் பேசாமல் வண்டியைத் திருப்பினார். டவுனில் வாங்க வேண்டிய பரோட்டா அதோடு போச்சு.

செவ்வாய்: டாப்சிலிப்

மலையிறங்கி, சேத்துமடை வழியாக மறுபடி ஏறி டாப்சிலிப். தேக்கு மரங்களை வெட்டி மலை உச்சியிலிருந்து சரியவிட்ட இடம். இப்போது புள்ளிமான்களும் காட்டுப்பன்றிகளும் விருந்தினர் மாளிகை வாசலில் மேய்கின்றன.

வனத்துறை வண்டியில் போகும்போது புல்வெளி ஓரத்தில் நாலைந்து செம்பழுப்பு உருவங்கள். மாப்பிள்ளை வாயைத் திறந்தார், மகளைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நிதானமாகச் சொன்னார்: "வால் கறுப்பு, புசுபுசுன்னு இருக்கு. நாய் மாதிரிதான், ஆனா நாய் இல்லை. செந்நாய்." முழு மதிப்பெண். அது குரைத்து யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள், சீழ்க்கை அடித்துத்தான் கூட்டத்தைக் கூப்பிடும். வாயைத் திறந்து எண்ணினால் இன்னொரு வித்தியாசமும் தெரியும். நாய்க்கு 42 பல், செந்நாய்க்கு 40. எண்ணச் சொல்லி யாரையும் நான் அனுப்பவில்லை. வேட்டை விழுந்தால் குட்டிகளுக்கு முதல் பந்தி, பெரியவர்கள் அப்புறம்தான்.

சருகுமான் ஒன்று சாலையைக் கடந்தது. உயரம் ஓர் அடிக்குள். கொம்பே இல்லை, ஆணுக்குச் சின்னக் கோரைப்பல் உண்டு. பெயரில்தான் மான், குடும்பம் வேறு. அதற்கு மேல் சொல்ல அது நேரம் கொடுக்கவில்லை.

கரடியைப் பார்க்கவில்லை, கரடி வேலையைப் பார்த்தோம். தோண்டிக் கிழிக்கப்பட்ட ஒரு கறையான் புற்று. கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளியில் உதட்டைக் குவித்து, மூக்குத் துளையை மூடிக்கொண்டு, கறையானை ஒரே உறிஞ்சாக உறிஞ்சும். அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும். இதன் வளைந்த நீள நகங்களைப் பார்த்துவிட்டு, 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதைத் தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்கும் ஸ்லாத் கூட்டத்தில் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார். பிற்பாடு கரடி என்று தெரிந்து திருத்தினார்கள், ஆனாலும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் அது ஸ்லாத் கரடிதான். இந்தக் கதையைக் கேட்டு மாப்பிள்ளைக்கு வந்த சந்தோஷம் வரையாட்டைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

கடைசியாகக் கோழிகமுத்தி யானை முகாம். பாகன்களும், காவடிகள் என்று சொல்லப்படும் அவர்களுடைய உதவியாளர்களும் பெரும்பாலும் மலசர் பழங்குடியினர். ராகிக் களியையும் கொள்ளையும் உருண்டை பிடித்து வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் யானைத் தடங்கள். மருமகளுக்கு ஒரு கணக்குச் சொன்னேன்: முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் வந்துவிடும். ஒரு பாகன் அண்ணனிடம் கேட்டு, கயிறு வாங்கித் தடத்தைச் சுற்றி வைத்தாள். அவர் எட்டிப் பார்த்தார். "பாப்பா, வட்டமா இருக்கறது முன்காலு. நீ அளக்கறது பின்காலு, நீளவாக்குல இருக்கு பாரு. என் யானையைக் குட்டையாக்கிடாதே." மறுபடி அளந்தாள். சுற்றளவு நாலடி மூன்றங்குலம், உயரம் எட்டரை அடி. பாகன் அண்ணன் தலையசைத்தார். "சரிதான். ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கு, கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

கயிறு கையில் இருந்ததால் மருமகள் அப்பாவைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, அவர் தடத்தையும் சுற்றி அளந்து இரண்டால் பெருக்கினாள். நாலடி வந்தது. நோட்டில் இப்படி எழுதியிருக்கிறாள்: "பாலூட்டி. இரண்டு கால். வால் இல்லை. சத்தம் அதிகம். மேலும் ஆராய வேண்டும்."